தண்ணீர் குத்தாத சட்டை

லவீனாவின் அம்மாவுக்கு,

போனில் கதைத்தால் பிள்ளை பறித்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

நீ குவைத்துக்குப் போனதிலிருந்து அவளைக் குளிப்பாட்டுவதுதான் பெரும்பாடு. வாளித் தண்ணீரை வார்த்ததும் குருநகரே கேட்கக் கத்துவாள். தண்ணீர் குளிர்கிறதாக்கும் என்று சுடவைத்தும் பார்த்தேன். “தண்ணி குத்துதப்பா” என்றாள். நாள் முழுக்கக் கடலில் கிடக்கிற எனக்கு அது விளங்கவில்லை. கோபம்தான் வந்தது.

நேற்று, அவள் கட்டிப்பிடித்து நித்திரைகொள்ளும் உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தொட்டியடிக்கு வந்தாள். அப்படியே துணிமேல் மெல்ல வார்த்தேன்.

“இப்ப குத்தேல்லையப்பா” என்று சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சட்டை தோளில் கிழியத் தொடங்கிவிட்டது. அடுத்த பொதியில் இன்னொன்று அனுப்பு. புதிது வேண்டாம். நீ போட்டதை, தோய்க்காமல் அனுப்பு.

பிள்ளைக்குத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
லவீனாவின் அப்பா