குளோரைடு எண்பத்தெட்டு

ஆட்டையாம்பட்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு மைதிலி எழுதுவது. நானும் நம் பாப்பா தனப்பிரியாவும் வீட்டில்தான் இருக்கிறோம். நீங்களும் போர்வெல் ரிக் வண்டி ஆட்களும் அந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் மூன்று முறை சொல்லப் பார்த்தேன். நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முடிவு சொல்லிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, நாளைக்கு பைப் ஏற்றிக்கொண்டு ராய்ப்பூருக்கு உங்களிடம் கிளம்பும் லாரியில் கொடுத்து விடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் திங்கட்கிழமை பாப்பா நீட் கோச்சிங் ஹாலில் மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். நாமக்கல்லில் ஹாஸ்டலுக்குப் பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சீட்டில் குளோரைடு எண்பத்தெட்டு என்று போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. தொண்ணூற்றெட்டிலிருந்து நூற்றேழு வரை இருக்க வேண்டுமாம். அப்படியென்றால் என்ன என்று ரத்தம் எடுத்த பெண்ணிடம் கேட்டேன். டாக்டரைக் கேளுங்கள் என்றாள். டாக்டரைக் கேட்டேன். "உப்புச் சத்து கம்மிங்க, மோர்ல உப்புப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அன்றைக்கு நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். "உப்பத் தின்னச் சொல்லு, ரெண்டு நாள்ல கிளாசுக்கு அனுப்பிப்போடு."

வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு நாள் உப்பு மோரும் ஊறுகாயுமாகக் கொடுத்தேன். அவள் இன்னும் வாடிப்போனாள். உங்கள் அண்ணன் நாச்சிமுத்துவோ குளோரைடைக் குளோரின் என்று எடுத்துக்கொண்டு, ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அளவில்லாமல் கொட்டுகிறார்கள் என்று வார்டனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அது வேறு, இது வேறு என்று சொல்ல எனக்கும் அப்போது தெரியவில்லை.

போன வியாழக்கிழமை காலையில் பாப்பாவின் இரண்டு கை விரல்களும் மடங்கிக்கொண்டன. நீட்ட முடியவில்லை. பயந்துபோய் சேலத்துக்குக் கொண்டு ஓடினேன்.

அங்கே உண்ணாமலை என்று ஒரு டாக்டரம்மா. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பாப்பாவிடம், "சாமி, எத்தன நாளா வாந்தி?" என்று கேட்டார். வாந்தியே இல்லைங்க என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பாப்பா சுவரைப் பார்த்தாள். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்.

ஏழு மாதமாம், மாமா. டெஸ்ட் இருக்கிற காலையெல்லாம் பயத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருமாம். மார்ச்சிலிருந்து தினமும் டெஸ்ட். வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வாளாம். அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது.

குளோரைடை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. நம் வயிற்றில் ஊறும் அமிலத்தில் இருப்பதே குளோரைடுதானாம். ஓயாமல் வாந்தி எடுத்தால் அது வெளியே போய்விடும். பொட்டாசியமும் குறைந்துபோகும். பைகார்பனேட் என்று ஒன்று ஏறிக்கொள்ளும். பாப்பாவுக்கு அது முப்பத்தைந்து இருந்தது. விரல் இழுத்துக்கொண்டது அதனால்தான். சில மாத்திரைகளாலும் குளோரைடு குறையுமாம். எதனால் என்று சீட்டு சொல்லாது, ஆளைக் கேட்க வேண்டும் என்றார். நாமக்கல்லில் அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. பெற்றவள் நானும் கேட்கவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே அவளைத் திட்டிவிட்டேன். அழாமல் சொன்னாள்: "உங்கிட்டச் சொன்னா நீ அப்பாகிட்டச் சொல்லிப்போடுவ. அவரு இன்னொரு வருசம் முக்கிப் படின்னு சொல்லுவாரு."

நான்கு நாள் சலைன் ஏற்றினார்கள், பொட்டாசியமும் சேர்த்து. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது குளோரைடு தொண்ணூற்றொன்பது. எல்லாம் சரியாகிவிட்டதா என்றேன். "நம்பர் சரியாயிருச்சுங்க, பயம் அப்படியேதான் இருக்குது" என்றார் டாக்டரம்மா. வாராவாரம் செவ்வாய்க்கிழமை மனநல டாக்டரிடம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். ஒரு முறை போய் வந்தோம். ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்கள் அண்ணன் கேட்டார். பேசட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நாமக்கல் போய் அவள் பெட்டி படுக்கையெல்லாம் எடுத்து வந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் உங்களைக் கேட்காமல் செய்த காரியம் இது ஒன்றுதான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் இரண்டு இட்லியும் கொஞ்சம் தயிர் சாதமும் சாப்பிட்டாள். உள்ளே தங்கிவிட்டது. அரை மணி நேரம் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு நீங்கள் வாருங்கள், மாமா. ரிக்கை மேனேஜர் பார்த்துக்கொள்வார். வந்து அவள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவளுக்கு எள்ளுருண்டை பிடிக்கும். வரும் வழியில் வாங்கி வந்து உங்கள் கையால் கொடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மைதிலி