அம்மா குடிக்காத தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றுமுதல் எங்கள் தெருக் குழாயிலும் எங்கள் ஆலைத் தண்ணீர். கடலிலிருந்து மோட்டார் வைத்து இழுத்து, உப்பை நீக்கி, ஆய்வகத்தில் நான் சோதித்து அனுப்புகிற தண்ணீர் என் வீட்டு வாளியிலேயே விழுகிறது. பெருமை தாங்கவில்லை. முதல் டம்ளரை அம்மாவிடம் நீட்டினேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடல் என்றேன். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 5, புதன்

மொட்டைமாடித் தொட்டியில் போன மழைக்குச் சேர்ந்த தண்ணீரைத்தான் குடிப்பாளாம். தானே ஏறிப்போய் குடத்தில் எடுத்துவருகிறாள், முட்டிவலியோடு. "அத்தைக்கு உன் கைப்பக்குவம் பிடிக்கல போல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை விஷயத்தில் அம்மா எப்போதுமே இப்படித்தான். தூறல் விழுந்தால் போதும், வாசலில் போய் நிற்பாள். நான் குடையோடு பின்னாலேயே ஓடிப்போய்த் திட்டிக் கூட்டிவருவேன். பிறகு ஒரு வாரம் தும்மல்.

மார்ச் 9, ஞாயிறு

கேட்டேவிட்டேன். "உன் தம்பி கெடக்குற எடத்துல மோட்டார் போட்டு உறிஞ்சறீங்க. அதை நான் எப்படிடி குடிப்பேன்?"

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். புயலில் அலை அவனை அடித்துக்கொண்டு போனது. தேடினார்கள், கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அம்மா கடற்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, வீட்டில் மீன் வாங்கியதில்லை. எல்லாம் கூடவே இருந்து பார்த்தவள் நான். என் புத்தியை என்ன சொல்ல.

மார்ச் 15, சனி

தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. அம்மா இப்போது வாயை நனைக்கிற அளவுக்குத்தான் குடிக்கிறாள். நேற்று நீர்க்கடுப்பில் துடித்தாள். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று டாக்டர் கத்தாத குறை. அம்மா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பழைய கதைதான்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒரு வேலை செய்தேன். பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடினேன். மூடியில் கோத்த நீரை ஒரு ஸ்பூனில் வடித்து, நக்கிப் பார் என்றேன். அம்மா நக்கிப் பார்த்தாள். உப்பு இல்லை.

கடலிலும் இதே கதைதான் என்று சொன்னேன். வெயில் பட்டு ஆவியாகி மேலே போவது வெறும் தண்ணீர். அதுதான் மேகமாகிறது, மழையாகிறது, ஓடி மறுபடி கடலுக்கே போகிறது. நீ குடிக்கிற தொட்டித் தண்ணீரும் கடலிலிருந்து வந்ததுதான். ஆலையிலும் உப்பு வேறு தண்ணீர் வேறாகப் பிரிக்கிறோம், வழிதான் வேறு. "கடல்ல கெடக்குறது எதுவும் இதுல வராதும்மா."

"எதுவுமே வராதா? மழையிலயும்?"

"வராது."

சரி என்று எழுந்து போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. தொட்டித் தண்ணீரும் வேண்டாமாம். கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் சொன்னாள்:

"மழையில நிக்கிறப்போல்லாம் கொடைய தூக்கிட்டு ஓடி வருவியே, நான் எதுக்கு நிக்கிறேன்னு நெனச்சே? நீங்க இழுத்துட்டு வர்றது வேற. மழையில அவனா வரான்னு இருந்தேன். அதுவும் இல்லேன்னுட்டியே."

ஐயோ. நான் என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி. மயங்கி விழுந்துவிட்டாள். டிரிப்ஸ் ஏறுகிறது. அந்தப் பாட்டிலில் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான். சொல்லவில்லை. சொன்னவரைக்கும் போதும்.

மார்ச் 20, வியாழன்

வேலையில் மனம் ஒட்டவில்லை. சோதனைக்கு வந்த கடல்நீர்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மனுஷ உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே? அவன் உடம்பில் இருந்ததும் அதே தண்ணீர்தானே? அது கடலோடு கலந்திருக்கும். கலந்ததில் மேலே கிடப்பது வெயிலுக்கு ஏறும். ஆழத்துக்குப் போனது நூற்றுக்கணக்கான வருஷம் அங்கேயே சுற்றும், பிறகு அதுவும் மேலே வரும்.

அம்மாவைச் சமாதானப்படுத்த நானே கதை கட்டுகிறேனா? திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. "எதுவும் வராது" என்று நான் சொன்னதுதான் தப்பு. நாள் முழுக்கத் தண்ணீரோடு கிடக்கிற எனக்குத் தண்ணீரே மறந்துபோயிருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

சொன்னேன். அம்மா கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருவானா?"

"ஆமாம்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாம எல்லாரும் போனப்புறமும் வந்துட்டே இருப்பான்."

அம்மா கண்ணைத் திறந்தாள். பிறகு, சின்ன வயதிலும் கூப்பிட்டால் அவன் உடனே வந்ததே கிடையாது என்றாள். இருவரும் அழுதோம். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

அம்மா தண்ணீர் கேட்டாள். எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறாள். ஆனால் சும்மா இல்லை. டம்ளரைக் கையில் எடுத்ததும், "உன்ன இழுத்துட்டு வந்துட்டாங்களாடா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறாள். இன்று என் வீட்டுக்காரர் குடிப்பதற்கு முன் டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்ததைக் கவனித்தேன். கிண்டல் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

சாயங்காலம் மழை. அம்மா வாசலுக்குப் போனாள். நான் குடையை எடுக்கவில்லை. துண்டு இரண்டு எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு நானும் போனேன்.