செல்வி கொண்டுவந்த கல்

ஜூலை 16, புதன். மழை.

போன வாரம் பூண்டு கொடுக்க வந்த பூம்பாறைச் செல்வியிடம், பள்ளியில் நடத்திய வைரச் சுரங்கப் பாடத்தை வாய் ஓயாமல் சொன்னேன். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர், ஒரு விவசாயியின் நிலத்தில் தொடங்கிய ஆப்பிரிக்கக் கிம்பர்லி, இன்றும் மழை விட்டதும் வயலில் வைரம் தேடும் ஆந்திரத்துக்காரர்கள்.

இன்று முந்தானையில் ஒரு கல்லை முடிந்துகொண்டு வந்தாள். இன்னும் முற்றாத பூண்டை ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கிவிட்டுத் தோண்டியிருக்கிறாள்.

"மழை விட்டதும் பளபளன்னு கெடந்துச்சு டீச்சர். வைரந்தானங்க?"

வெறும் வெங்கச்சங்கல், குவார்ட்ஸ். பார்த்ததுமே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"விசாரிச்சுச் சொல்றேன் செல்வி."

"அப்ப நாளைக்கு வெள்ளனே மிச்சப் பாத்தியையும் கெளறிப்புடுறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கிம்பர்லியில் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பியதை வகுப்பில் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் கண் விரியக் கேட்டது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

போன் செய்து பார்த்துவிட்டேன், சுவிட்ச் ஆஃப். முதல் பஸ்ஸிலேயே பூம்பாறைக்குப் போய்விட வேண்டும். ஆனால் செல்வி அந்த பஸ் வருவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுகிறவள்.