நாற்பத்தேழு பேருக்கு ரத்த அழுத்தம்

நவம்பர் 22

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் விடுமுறை என்று நீ எழுதியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பெரியப்பா மாத்திரைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். மாமாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. "டாக்டர் எதுக்கு? நம்ம பொண்ணு வரட்டும்" என்கிறார். கூடத்தில் போடப் பத்து நாற்காலிக்குச் சொல்லியிருக்கிறேன்.

பி.பி. பார்க்கும் கருவியை மறந்துவிடாதே. போன முறை கையில் சுற்றுகிற பட்டை சித்திக்குப் போதவில்லை. பெரியதாக வாங்கி வா.

உன் வாத்தியார்

டிசம்பர் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். விடுமுறை என்றுதானே எழுதினேன், வருகிறேன் என்று எப்போது எழுதினேன்?

போன முறை பதினைந்து நாளில் நாற்பத்தேழு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். நோட்டுப் போட்டு வரிசை எண் கொடுத்தவரே நீங்கள்தான். நான் ஊரிலிருந்து கிளம்புகிற அன்றைக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு காரோடு ஓடி வந்தார்.

இந்த முறை குண்டூசி வீட்டுக்குப் போகிறேன். எங்கள் வார்டில் ரத்தம் எடுப்பவள், அதனால் அந்தப் பட்டப்பெயர். அவளும் அவள் புருஷனும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இங்கே ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தை நீட்டி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஜனவரி இருபதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நர்சம்மா

டிசம்பர் 13

நர்சம்மாவுக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம்! சொந்த வீடு இருக்க ஊரான் வீட்டில் பண்டிகையா? மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்கும் அரையாண்டு விடுமுறைதான். சும்மா உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

கையெழுத்து உன் இஷ்டம்.

வாத்தியார்

டிசம்பர் 29

அன்புள்ள வாத்தியாருக்கு,

குண்டூசி வீட்டில் முதல் நாள் பழக்கதோஷத்தில் பாத்திரம் கழுவப் போனேன். அவள் புருஷன், பஸ் ஓட்டுகிறவர், தட்டைப் பிடுங்கிவிட்டார். "அக்கா, போய் உட்காருங்க. உங்களை வேலை வாங்கினேன்னு தெரிஞ்சா இவ என்னைக் குத்திடுவா!" காலை பத்து மணி வரை தூங்கினேன். கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் குண்டூசி கேட்டாள், "ஏண்டி, ஊருக்கெல்லாம் பார்க்கிறியே, உனக்கு பி.பி. பார்த்து எத்தனை நாளாச்சு?" எனக்கு நினைவே இல்லை. பார்த்தாள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. அந்த நாற்பத்தேழு பேரில் நான் இல்லையே என்று அழுகை வந்துவிட்டது.

உங்கள் இரண்டு கடிதங்களையும் திரும்பப் படித்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. கையெழுத்து என் இஷ்டமாம்! வேண்டாம், வந்துவிடு என்று எழுதக் கை வலிக்கிறதா?

உங்கள் மனைவி

ஜனவரி 8

என் அன்பு மனைவிக்கு,

படித்ததும் ஆடிப்போய்விட்டேன். நான் ஒரு மடையன். நீயும் மனுஷிதானே என்று எனக்கு உறைக்கவே இல்லை. மன்னித்துக்கொள். மாத்திரை கொடுத்திருப்பார்களே, ஒழுங்காகப் போடு. உப்பைக் குறை.

கையெழுத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வந்துவிடு. நீ இங்கேயே இருந்துவிட்டால் பெரியப்பாவும் சித்தியும் வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம், தினமும் ஒரு எட்டு வந்து பார்த்துக்கொண்டு போவார்கள். உனக்கும் பொழுது போகும். மாமாவின் முழங்கால் எக்ஸ்ரேயை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து உடனே எழுது.

உன் வாத்தியார்

ஜனவரி 17

வாத்தியாருக்கு,

மாமாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

எனக்கு பி.பி. இப்போது குறைந்திருக்கிறது.

வந்துவிடு என்ற வரியைப் படித்ததுமே கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துவிட்டேன். சேலைகளைக்கூட எடுத்து வைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து மீதியைப் படித்தேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி