ரெண்டு கதிரைக்கு ரெண்டு சப்வூஃபர்

இஞ்சாருங்கோ,

காலமை ஸ்ரூடியோக் கதவைத் திறந்து சுவிச்சைப் போட்டன். பாட்டு வர முதல் சப்வூஃபர் பெட்டி ரெண்டும் 'டொப்' எண்டு ஒருக்காச் சத்தம் போடுமே, போட்டுது. "ஆ, ரெண்டு பேரும் எழும்பிட்டினம்" எண்டு நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு காத்துக்கொண்டு நிண்டன். விசரி மாதிரிக் கனநேரம் நிண்டன்.

நேற்று உங்கட தம்பி வந்தவர். பேசாலையில தானும் ஒரு ஸ்ரூடியோ போடப்போறாராம். "அண்ணி, இப்ப நீங்கள் ஒராள்தானே இருந்து கேக்கிறீங்கள். ஒண்டு காணும். மற்றதை எனக்குத் தாங்கோவன்" எண்டார். அவர் பிழையாக் கேக்கேல்ல. நாளைக்குச் சொல்லுறன் எண்டன்.

சண்டை முடிஞ்சு முகாமால திரும்பிவந்து, பள்ளிமுனையில கிடைச்ச வீட்டுத்திட்ட வீட்டில ஒரு அறையைப் பாட்டுப் பதியிற ஸ்ரூடியோ ஆக்கினம். நாலு பக்கமும் ஒரே அளவுக் கல்லுச் சுவர். உங்கட கதிரை முன்னுக்கு. என்ரது பின்னால, அறையின்ர நட்ட நடுவில. அப்ப ஒரே ஒரு சப்வூஃபர். கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டுச் செய்தம். உங்கட கதிரையில மேளத்தின்ர பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், நல்லாக் கேட்டுது, என்ர கதிரையில ஒண்டுமே இல்லை. "மேளம் காணாது, கூட்டுங்கோ" எண்டு நான் சொல்லச் சொல்ல, "மகாராணி சொன்னாச் சரி" எண்டு கூட்டினீங்கள்.

அந்தப் பாட்டைத் திருவிழாவில பெரிய பெட்டியளில போட்டாங்கள். முதல் மேளம் விழ, கோயில் முத்தத்தில நிண்ட சனம் அப்பிடியே குந்திச்சுது. ஷெல்லடிக்குக் குந்தினமே, அப்பிடி. ஒரு தாய் பிள்ளைக்கு மேல கவிழ்ந்து படுத்திட்டா. நீங்கள் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினீங்கள். பிறகு எல்லாரும் சிரிச்சினம், பங்குச் சுவாமியும் சிரிச்சார். நீங்கள் சிரிக்கேல்ல.

வீட்டை வந்து நான் அழ, "உம்மட காதில பிழை இல்லையப்பா. அறைதான் பொய் சொல்லுது. சுவரில பட்டுத் திரும்பிற பேஸ், உம்மட கதிரையடியில ஒண்டை ஒண்டு விழுத்திப்போடுது" எண்டீங்கள்.

"அப்ப இனி நான் வாய் திறக்கமாட்டன். உங்களுக்குக் கேட்டாக் காணும்தானே?"

"எனக்கு மட்டும் கேட்டு என்ன செய்ய?"

கொஞ்ச நாளால கொழும்பிலயிருந்து ரெண்டாவதை பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டுவந்தீங்கள். அதைத் தூக்கி என்ர கதிரையில இருத்தி, பாட்டைப் போட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு சுவர்க்கரை முழுக்கத் தவழ்ந்தீங்கள். எந்த இடத்தில நல்லாக் கேக்குதோ அங்க பெட்டியை வைச்சா, கதிரையிலயும் நல்லாக் கேக்குமாம். மீன்குழம்போட வந்த பக்கத்துவீட்டு அக்கா வாசலிலயே நிண்டிட்டா. "ஐயோ மாதாவே! இந்த மனுசனுக்கு என்ன நடந்தது?"

"சத்தம் போடாதேங்கோ அக்கா, கேக்கிறன்" எண்டீங்கள், தவழ்ந்தபடியே. எனக்குச் சிரிச்சு வயிறு நொந்துது.

கடைசியா ஒண்டு முன்சுவர் நடுவில, மற்றது பின்சுவர் நடுவில. ரெண்டு கதிரையிலயும் மேளம் ஒரே மாதிரிக் கேட்டுது. அடுத்த திருவிழாவில ஒருத்தரும் குந்தேல்ல. அண்டைக்குத்தான் நீங்கள் சிரிச்சனீங்கள்.

பிறகு ஒருநாள் விடிய நெஞ்சு நோகுதெண்டீங்கள். பின்னேரம் எங்கட கோயில் மணி உங்களுக்காக அடிச்சுது. இப்பிடியே என்னைத் தனிய விட்டிட்டுப் போவீங்கள் எண்டு நான் நினைக்கவே இல்லையப்பா.

இண்டைக்குத் தம்பி சொன்னபடி பின்சுவர்ப் பெட்டியை நிப்பாட்டிப் பாத்தன். என்ர கதிரையில மேளம் இல்லாமப் போச்சு. ஆனா அவர் சொன்னது சரிதான். நான் உங்கட கதிரையில போய் இருந்தா, ஒண்டே காணும். எழும்பிப் போனன். உங்கட துவாய் இன்னும் அதின்ர முதுகில தொங்குது. கையை வைச்சன். இருக்க ஏலேல்ல. திரும்பிவந்து என்ர கதிரையிலயே இருந்து அழுதன்.

பின்னேரம் தம்பி வந்தார். "கோவிக்காதேங்கோ தம்பி, தரமாட்டன்" எண்டன். ஏன் எண்டு கேட்டார். உங்கட வாயில வந்ததுதான் என்ர வாயிலயும் வந்துது.

"எனக்கு மட்டும் கேட்டு என்ன செய்ய?"