அண்ணனின் முழங்கால்

ஏப்ரல் 9
இங்கே பிரான்சில் மழை. பயிற்சி இல்லை. காலையில் டோங்காவிலிருந்து சித்தானி அண்ணன் கூப்பிட்டான். அங்கே தேசிய ரக்பி அணிக்கு இப்போது அவன்தான் ஸ்க்ரம் பயிற்சியாளர்; இரண்டு அணியும் தோள் கோத்துக் குனிந்து ஒன்றையொன்று தள்ளும் வித்தை அது. "ஜூலையில சமோவாகூட ஆட்டம். வர்றியா?"

ஜப்பான் சட்டையைக் கடைசியாகப் போட்டு மூன்று வருடம் முடிந்துவிட்டது. இனி பிறந்த நாடான டோங்காவுக்கு ஆட விதி இடம் கொடுக்கிறது. ஆனால் என்னைப் போய் ஏன் கேட்கிறான்? அதுவும் அவன்?

ஏப்ரல் 10
இதுவரை இந்த நோட்டில்கூட எழுதாததை எழுதிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன், ஒசாகாவில், நான் ஜப்பானுக்கு ஆடினேன், அண்ணன் டோங்காவுக்கு. பந்தோடு ஓடி வந்தான். தாழ்வாகப் பாய்ந்து மடக்கினேன். என் தோள், அவன் முழங்கால். அந்தச் சத்தம்.

விதிப்படி சரியான மடக்குதான். நடுவர் விசில் ஊதவில்லை. அதன்பிறகு அண்ணன் ஆடவே இல்லை.

ஆஸ்பத்திரியில், "விடுடா, ஆட்டம்னா அடி படத்தான் செய்யும்" என்றான். அம்மாவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் என்ன செய்வதென்றாவது தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 22
இங்கே நான் ஆடும் கிளப்பின் தலைவர் காஸ்தெரா அழைத்தார். "இன்னும் ஒரு வருஷம் உங்கள வச்சுக்கறோம். ஆனா ஜூலையில நீங்க இங்கதான் இருக்கணும்."

எழுத்தில் தருவீர்களா என்றேன்.

"நாட்டுக்கு ஆடப் போறவரத் தடுக்கக் கூடாதுன்னு விதி. அத எழுத்துல போட்டா சட்டம் எங்களப் பிடிக்கும். முப்பத்து மூணு வயசு உங்களுக்கு. யோசிச்சுக்கோங்க." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் குழப்பம்.

மே 3
மனைவி மிஹோவிடம் சொன்னேன். மகள் ஹானாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "ஒசாகாவுல கட்டின பெட்டிய இங்க பிரான்சுல வந்து பிரிச்சேன். திரும்பக் கட்டணும்னா கட்டறேன். எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

எதுக்கு? நியூசிலாந்தில், ஆக்லாந்தில் படித்தபோது நான் தீவுக்காரன். ஜப்பானில் தேசிய கீதம் மனப்பாடமாகப் பாடியும் வெளிநாட்டுக்காரன். இங்கே கசாப்புக் கடைக்காரர் என்னை "ஜப்பான்காரரே" என்கிறார். டோங்காவில் நான் யார்? அண்ணன் காலை ஒடித்தவன்.

மே 4
மன்னித்துவிட்டேன் என்று காட்டத்தான் கூப்பிடுகிறானோ? இல்லை, ஊர்க்காரர்கள் முன்னால் நிறுத்தவா? சே. என்ன புத்தி இது.

மே 19
கேட்டேவிட்டேன். "ஏண்ணே, நான் எதுக்கு?"

"ஸ்க்ரம் முன்வரிசையில, மூணாம் நம்பர்ல நிக்க ஆள் இல்லடா. ஒருத்தனுக்குத் தோள் போச்சு. இன்னொருத்தனுக்குக் கல்யாணமாம், அதுவும் அன்னிக்கேதான்."

அவ்வளவுதானா? அவ்வளவுதானாம். ஏமாற்றமாக இருந்தது. ஏன்?

ஜூன் 11
டோங்காவுக்குப் போகிறேன் என்று காஸ்தெராவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மை.

ஜூன் 30
டோங்கா, நுகுஅலோஃபா. அம்மா கறியைச் சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வேகவைத்திருந்தாள். அண்ணன் பெரிய பொட்டலமாக எடுத்து என் தட்டில் வைத்தான். எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நான் தட்டைப் பார்த்தேன். அம்மாவும் தட்டைப் பார்த்தாள்.

ஜூலை 8
இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஸ்க்ரம் பயிற்சி. மூன்று முறை என் பக்கம் சரிந்தது. நான்காவது முறை நானே முகம் குப்புற விழுந்தேன். எல்லோரிடமும் மெதுவாகவே பேசுகிற அண்ணன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"என்னடா தள்ளுறே? சொகுசா சாஞ்சுட்டு நிக்கிறே. என் முட்டிய ஒடச்சியே, அந்தத் தோள எங்கடா வச்சுட்டு வந்தே?"

பதினைந்து பேரும் புல்லைப் பார்த்தார்கள். அண்ணன் வாய் திறந்தபடி நின்றான். தான் சொன்னது அப்போதுதான் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா, தெரியவில்லை. "இங்கதாண்ணே இருக்கு" என்றேன்.

"அப்ப காட்டு."

குனிந்தேன். எதிர்வரிசை மூன்றடி பின்னால் போனது.

ஜூலை 19
சமோவாவிடம் நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஆட்டத்துக்கு முன் டோங்கா அணி ஆடும் போர்க்கூத்து. அன்று ஜப்பான் சட்டையில் எதிரில் நின்று பார்த்த கூத்துக்குள் இன்று நானே. எந்தக் காலை முதலில் என்று ஒரு கணம் தடுமாறிவிட்டேன். பக்கத்திலிருந்த இளம் ஆட்டக்காரன், "என்னைப் பாருங்க மாமா" என்றான்.

ஜூலை 20
ஞாயிறு. பிரான்சிலிருந்து, கிளப்பிடமிருந்து இரண்டே வரி வந்திருக்கிறது: இனி நான் தேவையில்லை. மிஹோவுக்குச் சொன்னேன். "நீங்க சொல்லாட்டியும் பெட்டி பாதி கட்டியாச்சு" என்றாள். எந்த ஊருக்கு என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தேவாலயம் முடிந்து வந்து அண்ணனும் நானும் பலாமரத்தடியில் உட்கார்ந்தோம். "முட்டி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"முழுசாச் சொல்லட்டுமா?"

"சொல்லுண்ணே."

மூன்று அறுவை. ஜெபத்தில் மண்டியிட முடியாதது. படியில் இறங்க ஒரு காலை முன்னால் விட்டு மற்றதை இழுப்பது. இரண்டு வருடம் டிவியில் என் ஆட்டம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவானாம். எல்லாவற்றையும் சொன்னான், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். தேவாலயத்தில் சாயங்கால மணி அடித்தும் அவன் சொல்லி முடியவில்லை. நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.