ஏணியிலிருந்து விழும் மச்சானுக்கு

மச்சானுக்கு,

நலம் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். இங்கே உன் அக்கா நலம். என்னைப் பற்றிக் கேட்காதே.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பதினோரு வருடமாகக் கோமாளி வேஷத்தில் ஏணி உச்சியில் நின்று பல்பு துடைத்து, அப்படியே மல்லாக்க மேஜை மேல் விழுகிறவன் நான். என் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஏணி மாமா' என்றால் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் நான் விழுந்து எழுந்ததும் முன்வரிசையில் ஓர் அம்மாள், "அட, இது அந்தப் பெரிய கம்பெனிக் கோமாளியைப் பார்த்து அடிச்ச காப்பி!" என்று சத்தமாகச் சொன்னாள். காப்பியாம். நானாம்! மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "புதுசா ஏதாவது யோசிங்க, இல்லன்னா உங்க ஐட்டத்த எடுத்துடலாம்" என்றார். இரண்டு வருடம் என் வீட்டில் சாப்பிட்டு, என் மேடையில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவன் நீ. இப்போது அந்தப் பெரிய கம்பெனியில் சேர்ந்து என் ஏணியையே போட்டு ஏறுகிறாய். கூட இருந்தே குழி பறித்துவிட்டாயே, பாவி.

உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தேன். உனக்குத் தெரியாது. உன் அக்காவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கி, ஆறாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஏணியில் ஏறினாய். பல்பு துடைத்தாய். விழுவதற்கு முன் என்னை மாதிரியே சட்டைப்பையை இரண்டு முறை தட்டினாய். அடடா, அங்கேதான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து ஆள் என்னை உன் ரசிகன் என்று நினைத்துக் கடலை கொடுத்தான்.

மடையா, அது அழகுக்குத் தட்டுவதா? திரைக்குப் பின்னால் கயிற்றோடு நிற்கும் உன் அக்காவுக்கு அது சைகை. தட்டியதும் அவள் இழுப்பாள். மேஜைக்கு அடியில் கொக்கி விலகும். நான் விழும்போது பலகை ஒரு சாண் இறங்கி அடியை வாங்கிக்கொள்ளும். தரைவரை விரிப்பு தொங்குவதால் எதிரே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ இரண்டு வருடமும் எதிரேதானே நின்றாய்! வெறும் பலகையில் விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். கூட்டம் சிரித்தது. அது நடிப்பில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

வாயைத் திறக்கவே கூடாது என்று கருவிக்கொண்டு ஊர் திரும்பினேன். நான் கை வைக்கவே வேண்டாம், அந்த மேஜையே உன் கணக்கைத் தீர்த்துவிடும் என்று குளிர்ந்துபோனேன். இதை உன் அக்காவிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உடனே எழுதிப் போடுங்க, அவன் தினம் ரெண்டு ஆட்டம் ஆடுறான்" என்றாள். "சாகட்டும்" என்றேன். ஒன்பது நாள் கேட்டாள். ஒன்பது நாளும் அதையே சொன்னேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வழக்கம்போல் பையைத் தட்டிவிட்டுச் சாய்ந்தேன். பலகை இறங்கவில்லை. ஐயோ மச்சான், கண் இருட்டி, மூச்சே நின்றுவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேனேஜர்கூட, "இன்னைக்குத்தான் பிரமாதம்" என்றார். தூக்கிவிட வந்த உன் அக்கா என் காதருகே குனிந்து, "வலிக்குதா? இப்பவாவது எழுதுவீங்களா?" என்றாள். இரண்டு கையும் கட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள், உன் கூடப் பிறந்தவள்!

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வாரம் அசையக் கூடாதாம்.

கொக்கி பலகையின் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கயிறு இழுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும், உன் அக்காவைப் போல் ஒருத்தி வேண்டாம். இரண்டும் அமையும்வரை அந்த ஏணியில் ஏறாதே. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைய ஆட்டத்திலும் ஏறாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு, பொய் சொல்ல உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அங்கே வந்து உன் முதுகில் நாலு வைப்பேன். அதுவரை அந்த முதுகுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்